சத்தம் வருது, கிடா விழவில்லை

காரைக்குடிக்கு வெளியே எங்கள் தோப்பில், செம்மண் மேட்டைப் பின்னால் வைத்து, ஏர் ரைஃபிளில் சிலுவெட் என்ற உருவம் சுடும் விளையாட்டைப் பழகுகிறோம். மெக்சிகோவில் பிறந்தது. கோழி, பன்றி, வான்கோழி, கிடா என்று இரும்புத் தகட்டில் வெட்டிய உருவங்கள். அதே வரிசையில் 20, 30, 36, 45 கஜ தூரம். நின்றபடியே சுட வேண்டும். குண்டு பட்டால் மட்டும் போதாது, உருவம் விழுந்தால்தான் புள்ளி.

எனக்குக் கிடாதான் தலைவலி. 'டங்' என்று கேட்கும், அப்படியே நிற்கும். துப்பாக்கியில் பவர் இல்லை என்றார்கள். நான் நம்பவில்லை. கிடாவுக்கு வெள்ளை பெயின்ட் அடித்துச் சுட்டுப் பார்த்தேன். ஈயத் தடங்கள் எல்லாம் காலிலும் அடிவயிற்றிலும்! அந்தத் தூரத்தில் குண்டு இறங்கிவிடுகிறது. கீழே பட்டால் தகட்டைச் சாய்க்க வலு போதாது. துப்பாக்கி மேலுள்ள குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் திருகைச் சில கிளிக் ஏற்றியதும் குண்டு கிடாவின் தோளில் பட்டது. நான்கு தூரத்துக்குமான கிளிக் கணக்கை எழுதித் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டிவிட்டேன்.

அப்படியும் ஒரு கிடா அசையவில்லை. அது நிற்கும் அடித்தகடு, அதாவது பாதம், கோணல். பட்டறைக்குக் கொண்டுபோனால், "என்னண்ணே, ஆட்டுக்கு லாடமா?" என்று சிரித்துக்கொண்டே பட்டறைக்காரர் அரத்தால் ராவிக் கொடுத்தார். சரி, அதுவும் இப்போது விழுகிறது.

ஈயம் திரும்பித் தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.