யூமிங்கைக் கேட்கத் தொடங்குவது எப்படி: ஐம்பது ஆண்டுப் பாடல்களுக்குள் ஒரு வழி

ஜப்பானியப் பாப் இசையில் யுமி மட்சுதோயாவுக்கு ‘யூமிங்’ என்பதுதான் செல்லப்பெயர். 1972-இல் முதல் சிங்கிள் (தனிப்பாடல் வெளியீடு) வந்தது, இன்றும் பாடிக்கொண்டிருக்கிறார். எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களிடம் பெரும்பாலும் ஏதாவதொரு ‘சிறந்த பாடல்கள்’ தொகுப்பைத்தான் நீட்டுகிறார்கள். அதில் மெட்டுகள் மனதில் நிற்கும். ஆனால் இவர் ஏன் இத்தனை பெரிய ஆள் என்பது மட்டும் பிடிபடாது. குரல்வளத்தை நம்பி மேலே வந்தவர் அல்ல இவர். 17 வயதிலேயே, ‘டைகர்ஸ்’ குழுவில் இருந்த கட்சுமி கஹாஷிக்குப் பாடல் எழுதிக் கொடுத்துத்தான் உள்ளே நுழைந்தார். ஆகவே இவரைப் பாடகியாக அல்ல, பாடல் எழுதுபவராகப் பின்தொடர வேண்டும். கீழே உள்ள வரிசை அந்த எண்ணத்தில் போட்டதுதான்.

முதலில் பெயர்ச் சிக்கலைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

1954-இல், டோக்கியோவின் மேற்கே ஹாச்சியோஜியில் ஒரு கிமோனோ துணிக்கடைக் குடும்பத்தில் யுமி அராய் என்று பிறந்தவர். 1976 நவம்பரில் இசையமைப்பாளர் மசதாக்கா மட்சுதோயாவை மணந்தபின் யுமி மட்சுதோயா ஆனார். இசைச் செயலிகளில் இந்த இரண்டு பெயருக்கும் தனித்தனிப் பக்கங்கள் உண்டு. மட்சுதோயா பக்கத்தை மட்டும் திறப்பவருக்கு முதல் நான்கு ஆல்பங்கள் கண்ணிலேயே படாது. ‘ஹிகோகி குமோ’ (1973), ‘மிஸ்லிம்’ (1974), ‘கோபால்ட் அவர்’ (1975), ‘ஜூயோன்பான்மே நோ ட்சுகி’ (1976) ஆகிய அந்த நான்கும் அராய் பெயரில் இருக்கின்றன. ஆக, இரண்டு பக்கங்களையும் சேமித்து வைத்துக்கொள்வதுதான் முதல் வேலை.

செயலியின் மொழி அமைப்பைப் பொறுத்து ஒரே பாடலின் தலைப்பு ஓரிடத்தில் ஜப்பானிய எழுத்திலும் இன்னோரிடத்தில் ஆங்கில எழுத்திலும் வரும். குழம்பினால் தலைப்பை விட்டுவிட்டு, ஆல்பத்தின் ஆண்டையும் பாடலின் வரிசை எண்ணையும் பாருங்கள். 2018 செப்டம்பரில் இவருடைய முழுத் தொகுதியும், 424 பாடல்கள், ஸ்ட்ரீமிங்குக்கு ஒரே மூச்சில் வந்துவிட்டது. எனவே பழைய வட்டுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இன்னொன்று: ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்காக 2022-இல் வந்த ‘யூமிங் பன்சாய்!’ தொகுப்பு, பழைய பதிவுகளைப் புதிதாக மிக்ஸ் செய்து தருகிறது. காதுக்குச் சுத்தமாக இருக்கும். ஆனால் 1973-இன் ஸ்டூடியோ ஒலி எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள அது உதவாது. கடைசியில் கேளுங்கள்.

முதல் அமர்வு: ‘ஹிகோகி குமோ’, மூன்று முறை

ஆல்பத்தில் 11 தடங்கள். தலைப்புப் பாடல் முதலில் வருகிறது, கடைசியில் துண்டாக மறுபடி தலைகாட்டுகிறது. இளம் வயதில் இறந்துபோன ஒருவரைப் பற்றிய பாடல். ஆனால் அழுகை இல்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வதுபோல் இருக்கும்.

முதல் முறை குரலை மட்டும் கவனியுங்கள். நீட்டிப் பிடிக்கும் இடங்களில்கூட அதிர்வு ஏறக்குறைய இல்லை, நேர்கோடாக நிற்கிறது. குரல் தட்டையாக இருக்கிறது என்று இந்த இடத்தில்தான் பலர் விலகிப்போகிறார்கள். பொறுங்கள். குரல் உணர்ச்சியைக் கொட்டாததால்தான் அந்த வேலை மெட்டுக்கும் கார்டுகளுக்கும் (சேர்ந்து ஒலிக்கும் சுவரக் கூட்டுகள்) போய்ச்சேர்கிறது.

இரண்டாம் முறை பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். ஹருவோமி ஹொசொனோ வாசிப்பது. ஹெட்ஃபோன் வேண்டும், கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் இந்தப் பாதி காணாமலே போய்விடும். கிட்டார் ஷிகேரு சுசுகி, ட்ரம்ஸ் தட்சுவோ ஹயாஷி, கீபோர்டு மசதாக்கா மட்சுதோயா. நால்வரும் சேர்ந்து ‘கேரமல் மாமா’ என்று அழைக்கப்பட்டார்கள். பின்னாளில் ‘டின் பான் ஆலி’ ஆனார்கள். ஹொசொனோவும் சுசுகியும் ஜப்பானிய மொழி ராக்கின் முன்னோடிகளான ‘ஹாப்பி எண்ட்’ குழுவிலிருந்து வந்தவர்கள். அந்தக் குழுவின் ட்ரம்ஸ் கலைஞர் தகாஷி மட்சுமோட்டோ. இந்தப் பெயர் பின்னால் தேவைப்படும்.

மூன்றாம் முறை, யுமி பள்ளி நாட்களில் என்ன கேட்டார் என்பதை மனதில் வைத்துக் கேளுங்கள். அவர் படித்தது ரிக்கியோ ஜோகாகுயின் என்ற கிறிஸ்தவப் பெண்கள் பள்ளி. அங்கே பைப் ஆர்கன் என்ற தேவாலயக் குழாய் வாத்தியத்தின் இசை காதில் விழுந்துகொண்டே இருந்தது. அதோடு பிரிட்டிஷ் குழுவான ப்ரோகோல் ஹாரமின் 1967-ஆம் ஆண்டு வெற்றிப் பாடல், ஜெர்மன் இசைமேதை பாக் சாயலில் படிப்படியாக இறங்கும் பேஸ் கொண்டது, அவரை ஆட்கொண்டது. ‘ஹிகோகி குமோ’வில் அந்த இறக்கத்தின் சாயல் இருக்கிறது. ஒருமுறை பிடிபட்டுவிட்டால் பிறகு அவருடைய பாடல் பலவற்றில் அது தானாகக் கேட்கும்.

‘மிஸ்லிம்’: ஒரே பாடல், இரண்டு பதிவுகள்

‘மிஸ்லிம்’ ஆல்பத்தின் மூன்றாம் தடம் ‘யாசாஷிசா நி ட்சுட்சுமாரேதா நாரா’. 1974-இல் இது முதலில் சிங்கிளாக வந்தபோது வாத்திய ஏற்பாடு வேறு, நடை மெதுவானது. ஆல்பத்தில் அக்கூஸ்டிக் கிட்டார் முன்னால் வந்து, கிராமிய நடையில் துள்ளலாகப் போகிறது. 1989-இல் ஹயாவோ மியாசாகியின் ‘கிக்கி’ அனிமேஷன் படத்தின் முடிவில் ஒலிப்பது இந்த ஆல்பப் பதிவுதான். படம் பார்த்துவிட்டுத் தேடுபவர்கள் சிங்கிளில் போய் விழுந்து, ‘இது அது இல்லையே’ என்று திகைப்பது வழக்கம். இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிடுங்கள். மெட்டு ஒரு எழுத்து மாறவில்லை, பாட்டின் வயது மட்டும் மாறிவிடுகிறது. ஏற்பாட்டாளர் என்ன செய்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அதே ஆல்பத்தில் இரண்டாம் தடம் ‘ஹிதோமி வோ தோஜிதே’. நாகசாகி மாகாணத்தின் கோட்டோ தீவுகளில், நாரு என்ற தீவின் உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருவர் தங்களுக்கென்று ஒரு பள்ளிப் பாட்டு வேண்டும் என்று வானொலி நிகழ்ச்சிக்கு எழுதினார். அதற்காகப் பிறந்த பாடல் இது. பின்னணிக் குரல்களையும் கவனியுங்கள்: தட்சுரோ யமாஷிதாவும் தாயெகோ ஓனுகியும் இருந்த ‘சுகர் பேப்’ குழு பாடியிருக்கிறது. இன்று உலகெங்கும் ‘சிட்டி பாப்’ என்று கொண்டாடப்படும் இசையின் ஆட்கள் ஏற்கெனவே ஒரே அறைக்குள் இருந்திருக்கிறார்கள்.

ஆல்பங்களில் சிக்காத இரண்டு

ஆல்பம் ஆல்பமாக ஒழுங்காகக் கேட்பவர்கள் தவறவிடுவது சரியாக மிக முக்கியமான இரண்டு பாடல்களை. இரண்டும் சிங்கிளாக மட்டுமே வந்தவை. 1976-இன் ‘யூமிங் பிராண்ட்’ தொகுப்பில் கிடைக்கும்.

முதலாவது ‘அனோ ஹி நி காயெரிதாய்’, 1975 அக்டோபர். போசா நோவா என்ற பிரேசிலிய மென்தாள நடை. ஜப்பானின் இசை விற்பனைப் பட்டியலான ஓரிகான் தரவரிசையில் இவருக்குக் கிடைத்த முதல் முதலிடம். தொடக்கத்தில் சொற்களில்லாமல் மிதக்கும் பெண்குரல் யுமியுடையது அல்ல. ‘ஹை-ஃபை செட்’ குழுவின் ஜுன்கோ யமமோட்டோ பாடியது.

இரண்டாவது ‘காகெரியுகு ஹேயா’, 1976. இதிலுள்ள பைப் ஆர்கனை டோக்கியோவின் புனித மரியா பேராலயத்துக்கே போய்ப் பதிவு செய்தார்கள். ஒலி எழும்பிக் கான்கிரீட்டில் பட்டுத் திரும்புவதை முன்னிசையிலேயே கேட்கலாம். பள்ளியில் கேட்ட ஆர்கன், ஆசைப்பட்ட அந்த பிரிட்டிஷ் ஒலி, இரண்டும் இங்கே ஒன்றாக வந்து சேர்கின்றன. ஒரே ஒரு பாடல்தான் கேட்பேன் என்பவருக்கு இதைத்தான் கொடுக்க வேண்டும்.

‘சூவோ ஃப்ரீவே’யை வரைபடத்தோடு கேளுங்கள்

1976 ஆல்பத்தின் ஐந்தாம் தடம். அந்த ஆல்பத்துக்கு பேஸ் வாசித்தவர் லீலண்ட் ஸ்கிளார், ட்ரம்ஸ் மைக் பெயர்ட். இருவரும் அமெரிக்க ஸ்டூடியோ கலைஞர்கள். தாளத்தின் கனம் முந்தைய மூன்று ஆல்பங்களிலிருந்து வேறுபடுவது அதனால்தான்.

இணைய வரைபடத்தில் சூவோ விரைவுச்சாலையைத் திறந்து, சோஃபுவிலிருந்து மேற்கே ஹாச்சியோஜி நோக்கி நகருங்கள். வலப்பக்கம் ஃபுச்சுவில் டோக்கியோ குதிரைப் பந்தயத் திடல், இடப்பக்கம் சன்டோரி பீர் ஆலை. பாடலும் இதே இரண்டை இதே பக்கங்களில் வைக்கிறது. நகர மையத்தை நோக்கி எதிர்த்திசையில் நகர்ந்தால் இடமும் வலமும் மாறிப்போகும். பாடல் பொய் சொல்வதாகத் தோன்றும். பாட்டில் இருப்பது காரில் ஊர் திரும்பும் பயணம், யுமி பிறந்த ஊரின் திசையில்.

இசையில் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. பாடல் தொடங்கியதும் ஆதார சுருதியாகத் தோன்றும் சுவரத்தை மெதுவாக முனகிப் பிடித்துக்கொள்ளுங்கள். சில அடிகளுக்குள்ளேயே அது பாட்டோடு உரசும். சுருதி நகர்ந்துவிட்டது. மறுபடி புதிய சுவரத்தைப் பிடியுங்கள், மறுபடி நகரும். இத்தனை மாற்றம் நடந்தும் கேட்பவருக்கு ஒரு குலுங்கல் தெரிவதில்லை என்பதுதான் கைத்திறன். கிட்டாரில் வாசித்துப் பார்ப்பவர்கள் இணையத்தில் கிடைக்கும் ‘எளிய கார்டு’ பதிப்புகளை நம்ப வேண்டாம். மேஜர் ஏழாம் கார்டுகளையும், பேஸில் வேறு சுவரம் நிற்கும் கார்டுகளையும் சாதாரண மூன்று சுவரக் கார்டுகளாகக் குறுக்கினால் சுருதி மாறும் இடங்களில் எல்லாம் தடுக்கும்.

1978-க்குப் பிறகு

மட்சுதோயா பெயரில் முதல் ஆல்பம் ‘பெனிசுசுமே’, 1978. அடுத்த பத்தாண்டுகளில் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒன்று, சில ஆண்டுகளில் இரண்டு என்று ஆல்பங்கள் வந்தன. எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்க வேண்டியதில்லை. ‘சர்ஃப் அண்ட் ஸ்னோ’ (1980), ‘பர்ல் பியர்ஸ்’ (1982) இரண்டையும் முழுதாகக் கேளுங்கள். முதலாவதில் இருக்கும் ‘கொய்பிதோ கா சான்டா குரோஸ்’ ஜப்பானியக் கிறிஸ்துமஸின் நிரந்தரப் பாட்டாகிவிட்டது. 1987-இல் ஒரு பனிச்சறுக்குக் காதல் படம் இந்த ஆல்பத்தின் பாடல்களை எடுத்துக்கொள்ள, இளைஞர்கள் பனிச்சறுக்கு மலைகளுக்குப் படையெடுத்த காலத்தின் குரலாகவே இவர் மாறினார். நீகாட்டா மாகாணத்தின் நாயெபா பனிச்சறுக்கு விடுதியில் 1981 முதல் குளிர்காலந்தோறும் கச்சேரி நடத்தி வருகிறார்.

1980-களின் கடைசியில் வந்த ஆல்பங்கள் 10 லட்சத்துக்கு மேல் விற்றன. ஆனால் அவற்றின் ஒலி, மசதாக்கா பயன்படுத்திய சின்கிளேவியர் என்ற டிஜிட்டல் கருவியின் பளபளப்பு. ‘மிஸ்லிம்’ கேட்டுவிட்டு நேரே இங்கே குதித்தால் ஒட்டாது. அந்த ஆண்டுகளின் பொருளாதாரச் செழிப்பின் ஒலி அது என்று தெரிந்துகொண்டு, ‘பர்ல் பியர்ஸ்’ வழியாக மெல்ல வாருங்கள். பிறகு 1994-இன் ‘ஹாரு யோ, கோய்’. பியானோவின் அந்தத் தொடக்கச் சுற்று இன்று பள்ளிக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

வேறு பெயரில் எழுதியவை

செல்வாக்கைத் தேட வேண்டிய இடம் இதுதான், பாடல் விவரக் குறிப்புகள். ‘கருஹோ குரேதா’ என்ற பெயரைக் கண்டால் நில்லுங்கள். ஹாலிவுட் நடிகை கிரேட்டா கார்போவின் பெயரை ஜப்பானிய ஒலிக்கு மாற்றி யுமி வைத்துக்கொண்ட புனைபெயர். செய்கோ மட்சுதாவின் ‘அகாய் ஸ்வீட் பீ’ (1982) இந்தப் பெயரில் வந்தது. வரிகள் தகாஷி மட்சுமோட்டோ, ஏற்பாடு மசதாக்கா. ‘ஹாப்பி எண்ட்’ ட்ரம்ஸ் கலைஞர் இப்போது ஜப்பானின் முதல் நிலைப் பாடலாசிரியர். யுமியின் மெட்டு, நாட்டின் முதல் நிலைப் பாப் நட்சத்திரத்தின் குரலில். ராக் உலகத்து ஆட்கள் வெகுஜன மேடையின் உள்ளே வந்துவிட்டார்கள் என்பதை இந்த ஒரே தடம் காட்டும். ஹிரோகோ யகுஷிமாருவின் ‘உமன்’ (1984) அதே கூட்டணி. புனைபெயர்ப் பாடல்களில் இதுவே உச்சம்.

புனைபெயரிலோ சொந்தப் பெயரிலோ பிறருக்கு எழுதியவற்றைக் கேட்கும் முறை, சோடி சோடியாக. ‘தோக்கி வோ காகெரு ஷோஜோ’வை முதலில் தொமோயோ ஹராதா (1983) குரலிலும், உடனே யுமியின் ‘வாயேஜர்’ (1983) ஆல்பத்திலும் கேளுங்கள். ‘சோட்சுக்யோ ஷாஷின்’ பாடலை ‘ஹை-ஃபை செட்’ (1975) பாட, அதே ஆண்டு ‘கோபால்ட் அவர்’ ஆல்பத்தில் யுமியும் பாடினார். ‘காகெரியுகு ஹேயா’வை 2002-இன் மரியாதைத் தொகுப்பில் ரிங்கோ ஷீனா பாடியிருக்கிறார்.

‘மாச்சிபுசே’க்கு மூன்று பதிவுகள் தேவை: செய்கோ மிக்கி (1976), பெரிய வெற்றி கண்ட ஹிதோமி இஷிகாவா (1981), பிறகு யுமியே பாடியது (1996). கடைசிப் பதிவைத் தேடும்போது மட்சுதோயா பக்கத்தில் நேரத்தை வீணாக்காதீர்கள். மணமாகி இருபது ஆண்டு கழித்து வந்திருந்தாலும், அதை அவர் வெளியிட்டது அராய் என்ற பழைய பெயரில்.