உடைந்த பாகத்தின் முறிவு முகத்தைப் படிப்பது எப்படி

உடைந்த ஷாஃப்ட் (சுழலும் தண்டு) கையில் கிடைத்ததும் இரண்டு துண்டையும் பொருத்திப் பார்க்கத் தோன்றும். பொருத்தாதீர்கள். முகங்கள் உரசினால் தடயம் நசுங்கிவிடும். கம்பி பிரஷ், உப்புத்தாள் எதுவும் படக்கூடாது. முதலில் படமெடுங்கள், எந்தப் பக்கம் மேலே இருந்தது, எது எதோடு சேர்ந்திருந்தது என்று குறியுங்கள். உலோகமானால் பிறகு மென்மையான பிரஷ்ஷும் கரைப்பானும் கொண்டு எண்ணெயைக் கழுவி உலர்த்தலாம். பிளாஸ்டிக்கைக் கழுவவே வேண்டாம். அதில் ஒட்டியிருக்கும் எண்ணெயே குற்றவாளியாக இருக்கலாம். 10 மடங்கு லென்ஸும் சாய்வாக விழும் டார்ச் வெளிச்சமும் போதும்.

தேட வேண்டியது விரிசல் பிறந்த இடம்.

உடைந்த இடம் மெலிந்தோ வளைந்தோ இருந்தால், ஒரே தடவையில் வந்த அதிகச் சுமை. முறுக்கு விசையில் மட்டும் கவனம் தேவை: உடையுமுன் நீண்டு கொடுக்கும் எஃகு அச்சுக்குக் குறுக்கே தட்டையாக அறுபடும், நொறுங்கும் பொருள் 45 டிகிரியில் திருகலாக உடையும். சாக்பீஸை முறுக்கினால் இது கண்ணுக்குத் தெரியும்.

உருமாற்றமே இல்லாமல், முகத்தில் ஒரு பகுதி வழவழப்பாகவும் மீதி சொரசொரப்பாகவும் இருந்தால் பெரும்பாலும் சோர்வு முறிவு, அதாவது திரும்பத் திரும்ப வரும் சுமையில் விரிசல் மெல்ல வளர்ந்து உடைவது. வழவழப்பில் ஈர மணலில் அலை விட்டுப்போன கோடுகளைப் போல வளைவுகள் தெரியும். அவை எந்தப் புள்ளியைச் சூழ்ந்திருக்கின்றனவோ அங்கேதான் தொடக்கம். பெரும்பாலும் கீவே (சாவி அமரும் பள்ளம்) மூலையோ, விட்டம் மாறும் படியோ, துருக்குழியோ இருக்கும். சுமை மாறாமல் ஓடிய இயந்திரத்தில் இந்தக் கோடுகள் இல்லாமலும் போகலாம். சொரசொரப்பான கடைசிப் பகுதி சிறியதென்றால் சுமை குறைவு, மூலைதான் காரணம்; பெரியதென்றால் சுமையே அதிகம்.

இங்கே பலரும் உடனே உறுதி கூடிய எஃகுக்கு மாறுகிறார்கள். கூர்மையான மூலை அப்படியே இருந்தால் பயன் குறைவு; அதன் ஆரத்தைக் கூட்டுவதே முதல் வேலை. வளைவதுதான் தொல்லை என்றால் எஃகு ரகத்தை மாற்றிப் பயனே இல்லை: எல்லா எஃகுக்கும் விறைப்பு ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல்தான். விட்டத்தைக் கூட்டுங்கள்.

போல்ட் சோர்வில் உடைந்தால் பெரும்பாலும் நட்டுக்குள் நுழையும் முதல் மரையில்தான் உடையும். வழக்கமான காரணம், போதிய அளவு இறுக்காதது. மின்முலாம் பூசிய 12.9 ரக (மிக உறுதியான) போல்ட், முறுக்கிச் சில மணி நேரமோ நாளோ கழித்துத் தானாக உடைந்தால், முலாம் பூசும்போது புகுந்து எஃகை நொறுங்கவைக்கும் ஹைட்ரஜனைச் சந்தேகியுங்கள். அதே தொகுதியில் மிச்சமிருப்பதை எல்லாம் கழற்றிவிடுங்கள்.

பிளாஸ்டிக்கில் திருகுத் துளையைச் சுற்றி மெல்லிய விரிசல்கள் கிளம்பினால், இழுவிசையும் ரசாயனமும் சேர்ந்திருக்கின்றன என்று பொருள். பாலிகார்பனேட், ஏபிஎஸ் இரண்டிலும் மரையைப் பூட்டும் திரவம் பட்டால் இது நடக்கலாம். விரிசல் இல்லாமல் திருகு மட்டும் தளர்ந்தால் அது ஊர்வு, அதாவது தொடர்ந்த சுமையில் பொருள் மெல்ல உருமாறுவது: எஃகுக்குப் பல நூறு டிகிரி சூடு வேண்டும், பிளாஸ்டிக்குக்கு அறை வெப்பமே போதும். மறுபடி முறுக்கினாலும் மறுபடி தளரும். துளைக்குள் உலோகக் குழாய் ஒன்றைச் செருகி, இறுக்கும் விசையை அது தாங்கும்படி செய்யுங்கள்.