எத்தனை வாட் என்று கேட்காதீர்கள்: இன்டகிரேட்டட் ஆம்ப் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் லட்ச ரூபாய்க்கு மேல் இன்டகிரேட்டட் ஆம்ப் (பாட்டைத் தேர்ந்தெடுத்து, சத்தம் கூட்டி, ஸ்பீக்கரை ஓட்டும் ஒரே பெட்டி) வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சென்னைக்குப் போய் ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, மாலையே பெட்டியோடு ஈ.சி.ஆரில் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் செய்த கூத்துதான். பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுப்பது, டர்ன்டேபிளின் (இசைத்தட்டு ஓட்டும் கருவி) எர்த் வயரை மறப்பது போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. அவை ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும்.

ஸ்பீக்கரைப் பார்க்காமல் வாட்டைப் பார்ப்பது

இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். லாஸ்பேட்டையில் ஒரு வீடு. சேனலுக்கு, அதாவது இடம் வலம் ஒவ்வொரு பக்கத்துக்கும், 120 வாட் என்று வாங்கிவந்த ஆம்ப். பின்பக்கம் 8 ஓம் என்று அச்சிட்ட, ஆள் இடுப்புயர ஸ்பீக்கர். வாய்ப்பாட்டு அருமையாக ஓடும். நாகஸ்வரக் கச்சேரி போட்டு, தவிலின் தொப்பியில் கழி விழுந்ததும் ‘டிக்’ என்று ரிலே (ஆபத்து என்றால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் உள் சுவிட்ச்) விட்டுவிடும். முகப்பில் சிவப்பு விளக்கு மினுக்கும். கடையில் ஆம்பையே மாற்றிக் கொடுத்தார்கள். அதுவும் அப்படியே. ஆம்பும் ஸ்பீக்கரும் நல்ல ஜாதகம், பொருத்தம்தான் இல்லை.

8 ஓம் என்பது ஒரு பேருக்குத்தான். ஸ்பீக்கரின் ஓம், அதாவது கரண்டைத் தடுக்கும் அளவு, அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும். அந்த வீட்டு ஸ்பீக்கர் 100 ஹெர்ட்ஸ் அருகே 3.2 ஓமுக்கு இறங்குகிறது. விவரத்தாளில் ‘மினிமம் இம்பீடன்ஸ்’ (மிகக் குறைந்த ஓம்) என்று கடைசி வரியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். இப்போது கணக்குப் பாருங்கள். 8 ஓமில் 50 வாட் என்றால் 20 வோல்ட், 2.5 ஆம்பியர். அதே 20 வோல்ட்டுக்கு 3.2 ஓம் 6.25 ஆம்பியர் கேட்கும். அலையின் உச்சத்தில் ஏறக்குறைய 9 ஆம்பியர். அதைத் தர டிரான்ஸ்ஃபார்மருக்கும் அவுட்புட் டிரான்சிஸ்டருக்கும் தெம்பு இல்லையென்றால் ஆம்ப் ஒன்று ரிலேயை விடும், இல்லை அலையின் தலையைச் சீவிவிடும். சீவிய அலை முதலில் பழிவாங்குவது உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரை.

வாட் எவ்வளவுதான் வேண்டும்? 86 டெசிபல் (1 வாட் கொடுத்து 1 மீட்டரில் அளந்த சத்தம்) ஸ்பீக்கர் ஜோடி, மூன்று மீட்டர் தள்ளி சோபா என்று வையுங்கள். பக்கத்துக்கு 1 வாட் கொடுத்தாலே சாதாரண ஹாலில் சுமார் 83 டெசிபல் கிடைக்கும். அரை வாட்டுக்கு 80. அதுவே வீட்டில் கணிசமான சத்தம். தவிலடி சராசரியைத் தாண்டி 15, 20 டெசிபல் பாயும். 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு வாட், 20-க்கு நூறு மடங்கு. ஆக அரை வாட்டில் கேட்கிறவருக்கு 50 வாட் போதும். 100 வாட்டிலிருந்து 120-க்குப் போனால் கூடுவது 0.8 டெசிபல். அதற்காக இருபதாயிரம் கூடக் கொடுக்கிறவர்களை என்ன சொல்ல?

விவரத்தாளில் 8 ஓம் வாட்டுக்குப் பக்கத்திலேயே 4 ஓம் வாட் இருக்கிறதா பாருங்கள். 8 ஓமில் 100-க்கு 4 ஓமில் 200 என்றால் பவர் சப்ளை கெட்டி. 160, 170 என்றாலும் தாராளமாக வாங்கலாம். 100-க்கு 120 என்றாலோ, 4 ஓம் வரியே இல்லை என்றாலோ, ஓம் இறங்குகிற ஸ்பீக்கருக்கு அந்த ஆம்ப் வேண்டாம். இரண்டு சேனலும் ஒருசேர ஓடும்போது, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை அளந்த எண்ணா என்பதும் முக்கியம். ஒரே சேனல், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) என்று அளந்து ஊதிப் பெருக்கியதும் அதே ‘வாட்’ என்ற பெயரில்தான் வரும். 1978-இல் வந்த, பேர்பெற்ற நாட் (NAD) 3020 ஆம்புக்கு 20 வாட் என்றுதான் எழுதியிருந்தது. முரட்டு ஸ்பீக்கருக்கும் கரண்ட் தள்ளியதால்தான் அதற்கு அந்தப் பேர்.

சில ஆம்ப்களின் பின்னால் 8 ஓம், 4 ஓம் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். 4-க்குத் தள்ளினால் பலம் கூடும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் அது சூட்டைக் குறைக்க உள்ளே வோல்ட்டை இறக்குகிறது, அவ்வளவே.

பழைய ஸ்பீக்கருக்குத் தாள் இல்லையா? ஆம்பை அணைத்து வயரைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வைத்து ஸ்பீக்கர் டெர்மினலில் பிடியுங்கள். 5.5 முதல் 7 வரை காட்டினால் 8 ஓம் வகை; 3 முதல் 3.8 வரை என்றால், பின்னால் என்ன அச்சிட்டிருந்தாலும் 4 ஓம் வகை. எந்த அதிர்வெண்ணில் இறங்குகிறது என்பதை மீட்டர் சொல்லாது. பொய் லேபிளைப் பிடித்துக் கொடுத்துவிடும்.

வெளிநாட்டுப் பெட்டி

பிரான்சிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்தால் கவலையில்லை. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த ஊர் பிளக் நம் சாக்கெட்டில் நுழைந்துவிடும், ஆனால் எர்த் சேராது. பவர் கார்டை மாற்றிவிடுங்கள். அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஸ்டெப்‌டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60-க்கு மட்டும் கணக்காகச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் 50-இல் சூடேறி முனகும். ஜப்பானியப் பெட்டிக்கு 100 வோல்ட். அதற்கு 110 வோல்ட் ஸ்டெப்‌டவுன் போடக் கூடாது.

கிளாஸ் ஏ-யும் அக்னி நட்சத்திரமும்

கிளாஸ் ஏ (அவுட்புட் டிரான்சிஸ்டரில் எப்போதும் கரண்ட் ஓடும் வகை) ஆம்ப் பாட்டே இல்லாமல் சும்மா இருக்கும்போதும் 200 வாட் இழுக்கக்கூடும். அத்தனையும் சூடாக ஹாலில் இறங்கும். பல மேனுவல்களில் அறை வெப்பம் 35 டிகிரியைத் தாண்டக் கூடாது என்றிருக்கும். மே மாதத்தில் மஞ்சக்குப்பத்து மாடி வீட்டில் ஏ.சி. இல்லாமல் அது நடக்காது. கண்ணாடிக் கதவு போட்ட டிவி ஷெல்ஃபுக்குள் எந்த ஆம்பையும் வைக்காதீர்கள். மேலே 15 சென்டிமீட்டராவது காலி விடுங்கள்.

உப்புக்காற்று

தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் போலக் கடலோரத்தில் ஓடிய செகண்ட் ஹேண்ட் ஆம்பை மெல்லிய சத்தத்தில் கேட்டுச் சோதியுங்கள். ஒரு பக்கம் மங்கி, சத்தத்தை ஏற்றியதும் பளிச்சென்று திரும்பினால் ரிலே கான்டாக்ட் கறுத்திருக்கிறது. ரிலே மலிவு, அதைச் சாக்காக வைத்து விலையைக் குறைக்கலாம். புது ஆம்ப் என்றாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெர்மினல்களைக் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து மாட்டுங்கள்.

ஷோரூம் சத்தம்

அங்கே கம்பளம், வீட்டில் எதிரொலிக்கும் மொசைக் தரை. ஆம்பை மாற்றுமுன் ஒரு ஜமுக்காளம் விரித்துப் பாருங்கள்.

ஃபோனோ

டர்ன்டேபிளைச் செருகும் ஃபோனோ இன்புட்டில் எம்.எம். (மூவிங் மேக்னட்) என்று மட்டும் போட்டிருந்தால், சிக்னல் மெலிந்த பெரும்பாலான எம்.சி. (மூவிங் காயில்) கார்ட்ரிட்ஜுக்குச் (இசைத்தட்டின் ஊசி பொருந்தும் பகுதி) சத்தம் பத்தாது.

இன்வெர்ட்டர்

ஆம்பை இன்வெர்ட்டரில் ஓட்டினால் சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் போலச் சீரான அலை தரும்) வகை மட்டும்.

அட்டைப்பெட்டி

பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். சர்வீஸ் சென்னையில்; 18 கிலோ ஆம்பை உள்தெர்மோகோல் இல்லாமல் பார்சலில் அனுப்பினால் டிரான்ஸ்ஃபார்மர் தன் எடையாலேயே போர்டைக் கிழித்துக்கொண்டு போய்ச் சேரும்.