பழைய மீற்றருக்கு ஒரு கண் வைப்போம்: கரண்ட் கணக்கைப் போனில் பார்க்கும் வழி

இலங்கையில் வீட்டுப் பாவனை மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு கட்டணம். அந்த எல்லை நெருங்குவது முன்கூட்டியே தெரிந்தால், உடுப்பு அயன் பண்ணுவதையாவது தள்ளிப்போடலாம். வீட்டில் தட்டுச் சுற்றும் பழைய மீற்றர் இருந்தாலும் இதைச் செய்ய முடியும்.

மீற்றர் மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் சொத்து. முத்திரையை உடைக்கவோ வயரில் கை வைக்கவோ வேண்டாம். வேலையெல்லாம் கண்ணாடிக்கு வெளியேதான்.

படி 1: மீற்றரின் முகப்பில் ஓர் அலகுக்கு எத்தனை சுற்று என்று அச்சிட்டிருக்கும். எல்லா மீற்றரிலும் ஒரே எண் இருக்காது. இங்கே 600 என்று வைத்துக்கொள்வோம். தட்டில் உள்ள குறி ஒரு தடவை சுற்றி வர எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். 60 செக்கன் எடுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுப்பது 100 வாட். நாம் ஒட்டப்போகும் சென்சரை வைத்து இதே கணக்கைத்தான் போடப் போகிறோம்.

படி 2: டிசிஆர்டி5000 சென்சர் (ஒளி பட்டுத் திரும்புவதை உணர்வது), நோட்எம்சியு போர்ட் (வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகை), அதற்குக் கரண்ட் கொடுக்கப் பழைய போன் சார்ஜர் வாங்கிக்கொள்ளுங்கள். சென்சரின் விசிசி பின்னை (மின் உள்ளீடு) போர்ட்டின் 3.3 வோல்ட்டுக்கும், கிரவுண்டைக் கிரவுண்டுக்கும், டிஓ பின்னை (சமிக்ஞை வெளியீடு) டி1க்கும் கொடுங்கள். அவ்வளவுதான்.

படி 3: பொறுமை வேண்டிய இடம் இதுதான். சென்சரைத் தட்டின் விளிம்புக்கு நேரே கண்ணாடியில் ஒட்டுங்கள். அதன் பார்வை 15 மில்லிமீற்றருக்கு மேல் எட்டாது. தட்டு உள்ளே தள்ளியிருந்தால் சரிவராது. குறி கறுப்பென்றால் நன்றாகப் பிடிக்கும். சிவப்பென்றால் சிலவற்றில் மங்கல்தான். சென்சரில் உள்ள சின்னத் திருகை, குறி கடக்கும்போது மட்டும் விளக்கு மாறும்வரை மெல்லத் திருப்புங்கள். கிழக்குப் பார்த்த விறாந்தையென்றால் காலை வெயில் சென்சரை ஏமாற்றும், கறுப்பு மட்டையால் மறைத்துவிடுங்கள். மட்டக்களப்பின் கல்லடி போன்ற கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் பின்கள் பச்சை பூத்துவிடும். போர்ட்டை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள்.

படி 4: போர்ட்டை இயக்கும் இலவச மென்பொருளான இஎஸ்பிஹோமில் ‘பல்ஸ் மீட்டர்’ பகுதியைச் சேருங்கள். அது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று சொல்லும். 60,000ஐ உங்கள் மீற்றர் எண்ணால் வகுத்து வருவதால் பெருக்கினால் வாட். 600க்கு அது 100. மொத்தச் சுற்றை 600ஆல் வகுத்தால் அலகு. குறி சென்சருக்கு நேரே தயங்கி நின்றால் ஒரே சுற்றைப் பல தடவை எண்ணும். 600 மீற்றரில், 30 அம்பியர் இணைப்பில் முழுச் சுமை ஏறினாலும் ஒரு சுற்றுக்கு 0.87 செக்கன் ஆகும். ஆகவே அரைச் செக்கனுக்குள் வரும் இரண்டாவது எண்ணிக்கையைத் தள்ளிவிடச் சொல்லுங்கள். ‘வெப் சேர்வர்’ பகுதியையும் சேர்த்தால் போனிலேயே பார்க்கலாம்.

படி 5: மீற்றர் எண்ணைக் குறித்துவைத்து, மறுநாள் போன் காட்டும் அலகோடு ஒப்பிடுங்கள். போனில் கூடுதலாக வந்தால் திருகையும் வெளிச்சத்தையும் பாருங்கள். குறைவாக வந்தால் சென்சர் நகர்ந்திருக்கும்.

தட்டுக்குப் பதில் சிவப்பு விளக்கு மினுங்கும் இலத்திரனியல் மீற்றரா? அப்போ வேலை சுகம்: ஒளி சென்சரை விளக்கின் மேல் ஒட்டி, முகப்பில் உள்ள துடிப்பு எண்ணைப் போட்டு, விளக்கு வேகமாக மினுங்கும் என்பதால் அந்த அரைச் செக்கன் எல்லையையும் குறைத்தால் போதும்.

கரண்ட் போனால் தட்டும் நின்றுவிடும், அதனால் பயமில்லை. ஆனால் போர்ட் திரும்ப எழும்பும்போது மொத்தம் பூச்சியத்திலிருந்து தொடங்கும். அப்போது மீற்றர் எண்ணைப் பார்த்துப் புதிதாகக் குறித்துக்கொள்ளுங்கள்.