நூறு நாள் வேலையின் பயனை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள் வேலையை உறுதி செய்தது. வேலைக்குச் சென்ற குடும்பங்கள் நாடு முழுவதும் சராசரியாகப் பெற்றதோ ஏறத்தாழ 50 நாள்தான். இதை வைத்து, மக்களுக்கு அதற்கு மேல் வேலை தேவைப்படவில்லை என்று முடிவு கட்டுவதே மிகப் பெரிய தவறு.

வேலை கேட்டவருக்குத் தேதியிட்ட ரசீது தர வேண்டும், 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் முதல் 30 நாளுக்குக் கூலியில் குறைந்தது கால் பங்கும் அதன்பின் குறைந்தது அரைப் பங்கும் வேலையில்லாக் காலப் படியாக வழங்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். கூலியை மத்திய அரசு ஏற்க, இந்தப் படியை மாநில அரசின் தலையில் சட்டம் சுமத்தியது. ரசீது கொடுத்தால் செலவு தன்னுடையது என்றால் யார்தான் கொடுப்பார்கள்? ஊராட்சி அலுவலகத்தில் வேலை கேட்ட பெண்ணுக்கு, "வேலை வந்ததும் சொல்லி அனுப்புறோம்மா" என்ற பதிலே கிடைத்தது. பணி தொடங்கும்போதுதான் அவர் வேலை கேட்டதாகவே கணினியில் பதிவானது. அந்தக் கணக்கில் கேட்டதும் கொடுத்ததும் ஒத்துப்போவதில் வியப்பில்லை.

திட்டம் நடந்த மாவட்டத்தையும் நடக்காத மாவட்டத்தையும் அப்படியே ஒப்பிடுவது இன்னொரு பிழை. 2006 பிப்ரவரியில் முதலில் சேர்க்கப்பட்ட 200 மாவட்டங்கள் பின்தங்கியவை என்பதாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவை. அங்கே வறுமை மிகுந்திருந்தால் அதைத் திட்டத்தின் தோல்வி எனக் கொள்ள முடியாது.

திட்டம் தந்த கூலியை மட்டும் கூட்டிப் பார்ப்பதும் போதாது. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் கைரேகை அட்டை வழியாகக் கூலி வழங்கி நிர்வாகத்தைச் சீராக்கியபோது, ஏழைக் குடும்பங்களின் வருமானம் உயர்ந்ததையும், அந்த உயர்வின் பெரும்பகுதி திட்டத்துக்கு வெளியே செய்த வேலையிலிருந்து வந்ததையும் ஆய்வாளர்கள் கண்டனர். கைவசம் மாற்று வேலை இருப்பவர் வயலில் கூலி பேசும் முறையே வேறு. கூலி உயர்ந்ததால் விவசாயம் நொடித்தது என்று புலம்புவோரும், ஒரு வகையில், திட்டத்தின் பயனுக்கே சாட்சி சொல்கிறார்கள்.

கூலித் தாமதக் கணக்கையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பல ஆண்டுகள் அந்தக் கணக்கு, பணப் பரிமாற்ற ஆணை உருவான நாளோடு நின்றுவிட்டது. அதன்பின் பணம் வங்கிக் கணக்கை அடையும்வரை தொழிலாளி காத்திருந்த நாட்கள் அதில் சேரவே இல்லை.