ரொறன்ரோ குளிரில் கறிவேப்பிலை: சாடிக்கு ஊற்றாதீர்கள், காற்றைக் கவனியுங்கள்

தை மாதம் பிறந்தால் ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து வீடுகளில் கறிவேப்பிலை வைத்திருக்கிற எல்லாரிடமும் ஒரே கதைதான். செப்டெம்பரில் உள்ளே எடுத்து வைத்தபோது பச்சைப் பசேலென்று நின்ற மரம், பொங்கல் வரும்போது பாதி இலையைக் கொட்டிவிட்டு குச்சியாக நிற்கும். இலை சுருண்டு நுனி காய்வதைப் பார்த்தவுடன் தண்ணீர் காணாது என்று நினைத்து ஊற்றுகிறோம், அடுத்த நாளும் ஊற்றுகிறோம். என் முதல் மரத்தை நான் அப்படித்தான் பறிகொடுத்தேன். மேல்வீட்டு மாமி ஒருநாள் வந்து சாடிக்குள் விரலை விட்டுப் பார்த்து, "ஏன் பிள்ளை, மண் ஈரமாத்தானே கிடக்கு, பிறகும் ஏன் ஊத்திறாய்?" என்று கேட்டா. அதற்குள் வேர் அழுகிவிட்டது, சாடியைக் கவிழ்த்தபோது கறுத்துப்போய் நாற்றம் வந்தது.

மண்ணில் ஈரம் இருந்தும் இலை காய்ந்தது காற்றினால்தான். வெளியே மைனஸ் 10 பாகையில் இருக்கிற காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் ஒரு கன மீற்றருக்கு இரண்டு கிராம் சொச்சம் நீராவிக்கு மேல் தாங்காது. அதே காற்று கதவிடுக்கால் உள்ளே வந்து, வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸில் 21 பாகைக்குச் சூடானால், 18 கிராம் வரை தாங்கக்கூடிய காற்றாக மாறிவிடுகிறது, ஆனால் கையில் இருப்பது அந்த இரண்டு கிராம்தான். காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் உண்மையில் இருக்கிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் சாரீரப்பதன் என்று படித்தோமே, அது இங்கே 12 சதவீதம் அளவுக்கு விழுந்துவிடும். நாங்கள் சமைப்பது, குளிப்பது, மூச்சு விடுவது எல்லாம் சேர்ந்துதான் அதை இருபது, இருபத்தைந்துக்குத் தூக்கிவைக்கிறது. அந்தக் காற்று நாள் முழுக்க இலையிலிருந்து நீரை உறிஞ்சும். குளிர்ந்த தரையில் நிற்கிற சாடியின் வேர் அந்த வேகத்துக்கு நீரை மேலே அனுப்பாது. அதனால் மரம் செலவைக் குறைக்க இலையை உதிர்க்கிறது.

முதலில் ஒரு ஈரப்பதன்மானி வாங்குங்கள். டிஜிட்டலில் சின்னதாக, பத்துப் பதினைந்து டொலருக்குக் கிடைக்கும். அதை அப்படியே நம்பிவிடாமல் ஒரு தடவை சோதியுங்கள், மிகச் சுலபம். சோடா போத்தல் மூடி ஒன்றில் கறி உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் சில துளி தண்ணீர் விடுங்கள். அந்த மூடியையும் மானியையும் ஸிப் வைத்து மூடுகிற ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, காற்றோடு சேர்த்து மூடி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் அது 75 காட்ட வேண்டும், ஏனென்றால் உப்புச் சேற்றின் மேலே அறை வெப்பத்தில் நிற்கிற ஈரப்பதன் எப்போதும் 75தான். என்னுடையது 69 காட்டியது. அதனால் அது 30 என்று சொன்னால் 36 என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன். மானியை மரத்துக்குப் பக்கத்தில், இலை நிற்கிற உயரத்தில் வையுங்கள், ஹீட்டர் காற்று நேரே படுகிற இடத்தில் வேண்டாம்.

கறிவேப்பிலைக்கு நாற்பது சதவீதம் கிடைத்தால் போதும், முப்பத்தைந்திலும் சமாளிக்கும். ஊர் மாதிரி எழுபது, எண்பது வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெளியே கடும் குளிராக இருக்கும்போது வீட்டுக்குள் ஈரத்தைக் கூட்டினால் அது யன்னல் கண்ணாடியில் போய் வியர்த்து, சட்டத்தில் வழிந்து, கொஞ்ச நாளில் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். அது சின்னப் பிள்ளைகளின் நெஞ்சுக்குக் கூடாது. அதனால்தான் இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் 30 சதவீத அளவில் வைக்கச் சொல்கிறார்கள். காலையில் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் மெல்லிய பனிக்கோடு தெரிந்தால் பரவாயில்லை, பாதிக் கண்ணாடி நனைந்திருந்தால் குறையுங்கள். மைனஸ் 20க்குப் போகிற நாட்களில் மரத்தைவிட வீடு முக்கியம், அந்த இரண்டு மூன்று நாளைக்கு, காற்றுக்கு ஈரம் கொடுக்கிற கருவியான ஈரமூட்டியைத் தணித்துவிடலாம்.

சரி, ஈரத்தை எப்படிக் கூட்டுவது? எல்லாரும் செய்வது ஸ்பிரே போத்தலால் இலையில் தண்ணீர் விசிறுவது, அல்லது தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி அதன்மேல் சாடியை வைப்பது. இரண்டும் ஏன் உதவாது என்று ஒரு கணக்குப் போட்டால் தெரியும். 12 அடிக்கு 12 அடி அறை, 8 அடி உயரம் என்றால் 33 கன மீற்றர் காற்று. இதை இருபதிலிருந்து நாற்பத்தைந்துக்கு ஏற்ற 150 மில்லிலீற்றர் தண்ணீர் ஆவியானால் போதும், ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவுதான். ஆனால் வீடு மூச்சு விடுகிறது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அறைக் காற்று முழுக்க மாறுகிறது என்று வைத்தால், அதே அளவில் வைத்திருக்க நாளொன்றுக்கு இரண்டு லீற்றருக்கு மேல் தண்ணீர் காற்றுக்குள் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஸ்பிரே அடிக்கிற பத்து மில்லி சில நிமிடத்தில் போய்விடும், கல்தட்டு ஒரு நாளில் இழப்பதும் அதிகமில்லை.

ஆகவே ஈரமூட்டி, அதாவது ஹியூமிடிஃபையர், ஒன்று வாங்குவதுதான் வழி. இரண்டு விதம் இருக்கிறது. அல்ட்ராசோனிக் என்பது சத்தமில்லாமல் புகை மாதிரி விசிறும், விலையும் குறைவு, ஆனால் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பையும் சேர்த்து விசிறுவதால் தளபாடத்திலும் இலையிலும் வெள்ளைத் தூள் படியும். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றினாலும் இது போகாது, காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும், அது தினமும் வாங்கக் கட்டுப்படியாகாது. மற்றது நனைந்த திரியில் காற்றை ஊதி ஆவியாக்குவது. கொஞ்சம் சத்தம் போடும், திரி மாற்ற வேண்டும், ஆனால் தூள் வராது. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். எதுவானாலும் மூன்று நாளுக்கு ஒருமுறை தொட்டியை வினாகிரி விட்டுக் கழுவுங்கள், வழுவழுப்பாக வந்துவிட்டால் அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் சுவாசிக்கிறோம். மரத்திலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி வையுங்கள், இலையில் நேரே ஈரம் படிந்துகொண்டே இருந்தால் புள்ளி விழும்.

காசு செலவில்லாத வழிகளும் இருக்கின்றன, அவற்றை முதலில் செய்து பார்க்கலாம். தெர்மோஸ்டாட்டை 22இலிருந்து 19க்கு இறக்கினால், அதே ஈரத்தோடு 30 சதவீதம் இருந்த காற்று 35ஐத் தாண்டும். உடுப்புகளை டிரையரில் போடாமல் மரம் நிற்கிற அறையிலேயே கொடியில் காயப்போட்டால், ஒரு சுமை உடுப்பிலிருந்து இரண்டு லீற்றர் அளவு காற்றுக்குப் போகும், மேலே சொன்ன கணக்கில் அது ஒரு நாள் தேவை. அப்புறம் யன்னலுக்குக் கீழே தரையில் இருக்கிற சூட்டுக்காற்றுத் துவாரத்தைப் பாருங்கள். தெற்கு யன்னல்தான் நல்ல வெளிச்சம் என்று மரத்தை வைக்கிறோம், துவாரமோ நேரே அதன் அடியில் இருக்கும். துவாரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் திருப்பி மாட்டிக் காற்றை அறைப்பக்கம் திருப்பிவிடுங்கள். எங்கள் வீட்டில் இது ஒன்றே பாதி இலையைக் காப்பாற்றியது. சாடிக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வைத்துத் தரைக்குளிரிலிருந்து வேரைத் தூக்கிவிடுவதையும் மறக்க வேண்டாம்.

தண்ணீர் பற்றி: விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள், அங்கே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். குளிர்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறைகூட ஆகலாம். எவ்வளவு கவனித்தாலும் கொஞ்சம் இலை உதிரும், வெளிச்சம் குறையும்போது மரம் உறங்கப்போவது இயல்பு. தண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் மரம் உயிரோடுதான் இருக்கிறது.

வறண்ட காற்றோடு வருகிற இன்னொரு வில்லங்கம் சிலந்திப்பேன். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. இலையில் ஊசியால் குத்தினது மாதிரி வெளிறிய புள்ளிகள் வரும், காம்பிடுக்கில் மெல்லிய வலை தெரியும். சந்தேகம் வந்தால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து அதன்மேல் இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசு நகர்ந்தால் அது பேன். மரத்தைக் குளியலறைக்குக் கொண்டுபோய், மண்ணைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டிவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் இலையின் அடிப்பக்கத்தை நன்றாக அடித்துக் கழுவுங்கள். ஒரு தடவையோடு விட்டுவிடாதீர்கள், முட்டை பொரித்துத் திரும்ப வரும், ஐந்து நாளுக்கு ஒருமுறையாக மூன்று நான்கு தடவை கழுவ வேண்டும். சமைக்கிற இலை என்பதால் நான் மருந்து அடிப்பதில்லை.

வெற்றிலைக் கொடி, அந்தூரியம் வைத்திருப்பவர்களுக்கு நாற்பது காணாது, அறுபதாவது வேண்டும். அதற்காக வீட்டை நனைக்காமல், கொடியை மட்டும் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைத்து, நாளுக்கு ஒருமுறை பத்து நிமிடம் திறந்துவிடுங்கள். மணி பிளான்ட்டுக்கு எதுவும் தேவையில்லை.

மே மாதத்தில் வருகிற விக்டோரியா தின விடுமுறைக்குப் பிறகு, இரவு பத்துப் பாகைக்குக் கீழே போகாது என்று தெரிந்ததும் மரத்தை வெளியே எடுங்கள். முதல் வாரம் நிழலில், பிறகு வெயிலுக்கு. ஈரமூட்டியின் திரியைக் கழற்றி நன்றாகக் காயவிட்ட பிறகே பெட்டிக்குள் வையுங்கள், ஈரத்தோடு வைத்தால் அடுத்த ஒக்டோபரில் திறக்கும்போது பூஞ்சண மணம் அடிக்கும்.