விட்டுக்கொடுக்காமல் விளையாடலாம்: புளியங்கொட்டை, துண்டுத்துணி, இன்ச் டேப்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் வீட்டோடு தையல் வேலை எனக்கு. ஜாக்கெட், சுடிதார், ஜூன் பிறந்தால் பள்ளிக்கூட யூனிஃபார்ம். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். சாயங்காலம் அவள் வந்துவிட்டால் ஒரே அறையில் மிஷின், நான், அவள். "ம்மா, என்ன பண்றது?" என்ற கேள்விக்குக் கையில் பதில் இல்லாவிட்டால் அடுத்து போனைக் கேட்பாள். கொடுத்தால் ஒரு ஜாக்கெட்டை நிம்மதியாக முடிக்கலாம், பொய் சொல்லவில்லை. ஆனால் திரும்ப வாங்கும்போது வருகிற சண்டையில் இரண்டு ஜாக்கெட்டுக்கான நேரம் போய்விடும்.

ஏழு வயதுப் பிள்ளையோடு விளையாட உட்கார்ந்தால், அந்தப் பிள்ளை நம்மை நிஜமாகவே ஜெயிக்க வாய்ப்புள்ள ஆட்டமாக இருக்கவேண்டும் என்பது என் கட்சி. நாம் வேண்டுமென்றே தோற்பது இந்த வயதில் சட்டென்று தெரிந்துவிடும். தெரிந்தபிறகு ஜெயித்தாலும் முகம் சுருங்கித்தான் இருக்கும். ஓட்டப்பந்தயம், கேரம் எல்லாம் அதனால்தான் எங்கள் வீட்டில் சரிப்படுவதில்லை. உருட்டுவது, ஊகிப்பது, எண்ணுவது உள்ள ஆட்டங்களில் அம்மாவும் மகளும் ஏறக்குறைய சமம். இன்னொரு வசதியும் உண்டு. அவள் முறை நடக்கும்போது என் மடியில் ஹெம்மிங் ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் கொட்டை

மாசி, பங்குனியில் நம் பக்கம் வாசலுக்கு வாசல் புளி தட்டிக் கொட்டை எடுப்பார்கள். இரண்டு கை கொட்டை கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். மற்ற மாதங்களில் கொட்டைப்புளி வாங்கிச் சமைக்கும்போது சேர்த்துவைக்கலாம். கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்து எடுங்கள். பெரிது, சின்னது, சொத்தை என்று பிரிக்கும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். வீட்டில் கைக்குழந்தையோ தவழும் குழந்தையோ இருந்தால் மூடி போட்ட டப்பாவில் உயரத்தில் வைக்கவேண்டும். வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும்.

தாயத்துக்கு நான்கு கொட்டை போதும். தட்டையாக, ஒரே அளவாகப் பொறுக்கி, சிமெண்ட் திண்ணையில் ஒரு பக்கத்தை மட்டும் தேய்க்கவேண்டும். பழுப்புத் தோல் போய் வெள்ளை தெரிந்தால் சரி. அவசரப்படுத்தாதீர்கள், தேய்ப்பதே ஒரு விளையாட்டு. தேய்க்கத் தேய்க்கக் கொட்டை சூடேறும். அதை ஆயாவின் கையில் ஒற்றிவிட்டு ஓடுவதும், ஆயா திட்டுவதும் எங்கள் வீட்டில் ஆட்டத்தோடு சேர்ந்தவை.

கட்டம் ஐந்துக்கு ஐந்து, மொத்தம் 25. நான் வெட்டி மிஞ்சிய துணியில் சாக்கால் கோடு போட்டு, அதன்மேல் சிவப்பு நூலில் ஒரு தையல் ஓட்டிவிட்டேன். சுருட்டிப் பையில் வைத்து ஊருக்கும் எடுத்துப்போகலாம். மிஷின் இல்லாத வீட்டில் தரையில் சாக்பீஸ் போதும். நான்கு பக்கத்திலும் நடுக்கட்டத்தில் பெருக்கல் குறி போட்டால் அது மலை. மலையில் நிற்கும் காயை வெட்டக்கூடாது. நட்டநடுக் கட்டம் பழம். காய்களுக்கு ஆளுக்கு நான்கு பட்டன், வேறு வேறு நிறத்தில்.

கொட்டையை உருட்டி, வெள்ளை எத்தனை மேலே தெரிகிறதோ அத்தனை கட்டம் நகர்த்தவேண்டும். ஒரு வெள்ளையும் தெரியாவிட்டால் எட்டு. ஒன்று விழுந்தால்தான் தாயம், அப்போதுதான் காய் இறங்கும். அவரவர் மலையில் இறங்கி வெளிச்சுற்று முழுக்கப் போய், பிறகு உள்சுற்று எட்டுக் கட்டமும் தாண்டி நடுவுக்குப் போனால் பழுத்தது. ஒன்று, நான்கு, எட்டு விழுந்தால் எங்கள் வீட்டில் இன்னொரு உருட்டு உண்டு. எதிராளியின் காயை வெட்டாமல் உள்ளே போகக்கூடாது என்று சில வீடுகளில் சட்டம். எந்தச் சட்டம் என்பதை முதல் உருட்டுக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். பாதி ஆட்டத்தில் "எங்க ஊருல அப்படி இல்ல" என்று பெரியவர்கள்தான் கிளப்புவார்கள்.

நாலு நாள் ஆடியபின் ஒரு பேப்பரைக் கொடுத்து, எந்த எண் எத்தனை தடவை விழுகிறது என்று கோடு போடச் சொல்லுங்கள். நான்கு கொட்டை மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் இரண்டு வருவது 6 விதம், ஒன்றும் மூன்றும் தலா 4 விதம், நான்கும் எட்டும் தலா ஒரே விதம். அதனால் எட்டு விழுந்தால் துள்ளுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கையால் தேய்த்த கொட்டை கணக்குப்படி விழாது, ஏதோ ஒரு பக்கமாகச் சாயும். எந்தக் கொட்டை ஏமாற்றுகிறது என்று கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியில் என் மகள் ஆட்டத்தையே மறந்துவிடுவாள்.

மீதிக் கொட்டை பல்லாங்குழிக்கு. வரிசைக்கு ஏழாக 14 குழி. பலகை இல்லாவிட்டால் துணியில் வட்டம் போடலாம், மண் வாசல் இருந்தால் தோண்டலாம். குழிக்கு ஐந்து கொட்டை, ஆக 70. அடுக்கும்போதே ஐந்தாம் வாய்ப்பாடு வாயில் வந்துவிடும், தனியாகச் சொல்லிக்கொடுக்கவேண்டியதில்லை. நம் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகவேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கு அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை எதிராளிக்கு விடவேண்டும். போகிற வழியில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு. யார் பக்கத்துக் குழியோ அவருக்கு.

எங்கே முடியும் என்று முன்கூட்டியே மனக்கணக்குப் போட என்னால் முடியவில்லை, அவளாலும் முடியாது. அதுதான் இதில் உள்ள சமத்துவம். பசு விழுந்ததைக் கவனிக்காமல் விட்டால் போச்சு. ஊசியில் கண் வைத்திருக்கும் நான் அடிக்கடி கோட்டை விடுவேன், அவள் விடமாட்டாள்.

ஆடுபுலி ஆட்டம் எட்டு வயதுக்குமேல் நன்றாக வரும். புலி 3, ஆடு 15. கட்டம் போடத் தெரிந்த தாத்தா யாராவது தெருவில் இருப்பார், அவரைக் கேளுங்கள். முதலில் பிள்ளைக்குப் புலியைக் கொடுங்கள். தாண்டி வெட்டுவது உடனே பிடிபடும், ஆட்டை வைத்துப் புலியைக் கட்டுவதற்குத்தான் பொறுமை வேண்டும்.

வெளியே போனால்

பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு நம்பர் பலகை. சேலம் போகிற நாலுவழிச் சாலை நம் ஊரை ஒட்டித்தான் போகிறது, ஆனால் அங்கே போகிற வேகத்தில் எதையும் படிக்கமுடியாது. வண்டி மெதுவாகத் திரும்புகிற இடம், பஸ் ஸ்டாண்டு, டீக்கடை பெஞ்சு, இவைதான் சரி. உள்ளே தள்ளி உட்காருங்கள், பிள்ளை உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வண்டி வருமுன் ஆளுக்கு ஒன்று: ஒத்தையா, ரெட்டையா? வந்த வண்டியின் கடைசி நான்கு எண்களைக் கூட்டவேண்டியது பிள்ளை. சரியாகச் சொன்னவருக்கு ஒரு புள்ளி. கூட்டல் பழகிவிட்டால் ஊர் கண்டுபிடிப்பது. டி.என். 24 கிருஷ்ணகிரி, 29 தருமபுரி, 70 ஓசூர், 28 நாமக்கல். லாரி வந்தால் நாமக்கல்லாக இருக்கும் என்று பந்தயம் கட்டலாம். கே.ஏ. என்றால் கர்நாடகா, ஏ.பி. என்றால் ஆந்திரா. நம் மாவட்டம் இரண்டு மாநில எல்லையையும் தொடுவதால் இரண்டும் தாராளமாக வரும். என்.எல். என்ற நாகாலாந்து வண்டி வந்தால் ஐந்து புள்ளி. நாகாலாந்து எங்கே இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து அட்லஸில் தேடவேண்டும் என்பது இலவச இணைப்பு.

லீவு நாளில் கே.ஆர்.பி. அணைக்கு, அதாவது கிருஷ்ணகிரி அணைக்குப் போவோம். பூங்கா, தண்ணீர், வறுத்த மீன். அதற்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை.

அரசு அருங்காட்சியகத்துக்குத்தான் கொஞ்சம் வழிகாட்டுதல் தேவை. கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் இருக்கிறது, இரண்டிலும் நடுகற்கள் உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை, பார்த்துப் போங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எல்லா அறையையும் சுற்றினால் காலோடு சேர்ந்து பொறுமையும் போய்விடும். ஒரே ஒரு நடுகல் முன்னால் உட்காருங்கள். வீரன் கையில் என்ன இருக்கிறது, கத்தியா வில்லா? உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா, எத்தனை? பக்கத்தில் மாடு உண்டா? மாடு கவர்ந்துபோனவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு ஊர் வைத்த கல்லாக இருக்கலாம். சில கற்களில் வீரன் புலியோடு மல்லுக்கு நிற்பான். யார் அதிகம் கண்டுபிடிக்கிறார்கள் என்று போட்டி வைத்தால், மங்கிப்போன உருவங்களைச் சின்னக் கண்தான் முதலில் பிடிக்கும். கல்லைத் தொடாமல், காகிதம் வைத்துத் தேய்க்காமல், பென்சிலால் பார்த்து வரையச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் என் இன்ச் டேப்பைத் தரையில் விரிப்போம். ஒரு இன்ச்சுக்கு நூறு வருஷம். பூஜ்யம்தான் இன்றைய நாள். ஒரு பெயரைச் சொன்னதும் ஆளுக்கு ஒரு பட்டனை ஊகத்தில் வைக்கவேண்டும், பிறகு கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும், கிட்டத்தில் வைத்தவருக்கு ஜெயம். ஆயா பிறந்த வருஷம் ஒரு இன்ச்சைத் தாண்டாது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004 கால் இன்ச்சுக்குள் அடங்கிவிடும். மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் என்றால் 14 இன்ச் பக்கம். நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் தோண்டி எடுத்த இரும்புக்குக் கி.மு. 2172 என்று காலம் கணித்திருக்கிறார்கள். அதற்கு 42 இன்ச் போகவேண்டும், அறுபது இன்ச் டேப்பில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு. "நான் எங்கம்மா இருக்கேன்?" என்று கேட்பார்கள். பூஜ்யத்தை ஒட்டி முதல் கோட்டுக்குள் காட்டுங்கள், நம்பவே மாட்டார்கள்.

முளைக்கிறவை

மூன்று துண்டுத்துணி. ஒன்றில் ராகி, ஒன்றில் கொள்ளு, ஒன்றில் பச்சைப்பயறு. இரவு ஊறவைத்து, காலையில் தண்ணீரை வடித்து, முடிந்து தொங்கவிட்டு, எது முதலில் முளை விடும் என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். துணி காயாமல் தண்ணீர் தெளிப்பது பிள்ளையின் பொறுப்பு. பச்சைப்பயறு முந்தும் என்று நமக்குத் தெரியும், ஆகவே முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்கு. முடிந்ததும் பயறும் கொள்ளும் சுண்டலுக்கு, ராகி காயவைத்து மாவுக்கு.

மாம்பழக் காலம் முடிந்து மழை விழுந்தால் குப்பைமேட்டோரம் மாங்கொட்டை முளைத்துக் கிடக்கும். நட்டு வளர்க்க ஆசைப்பட்டால் வளர்க்கட்டும், ஆனால் பெங்களூரா கொட்டையில் வந்த செடி அதே பெங்களூரா காயைக் காய்க்கும் என்று சத்தியம் செய்யாதீர்கள். ரகம் மாறாமல் இருக்கத்தான் தோட்டக்காரர்கள் ஒட்டுக்கன்று வாங்குகிறார்கள். மற்ற கொட்டைகளில் பீப்பி செய்யலாம். மேல் ஓட்டைப் பிரித்து உள்பருப்பை எடுத்து, ஒரு முனையைக் கல்லில் சாய்வாகத் தேய்த்து, இரண்டு பருப்புக்கும் நடுவே உள்ள சந்து வழியாக ஊதவேண்டும். யாருக்கு முதலில் சத்தம் வருகிறதோ அவர் ஜெயித்தார். முளைத்த கொட்டை கிடைக்காத நாளில் பூவரச இலையைச் சுருட்டி, ஒரு நுனியை நசுக்கி ஊதினாலும் அதே சத்தம்தான். பீப்பி நேரத்தை நீங்கள் மிஷின் மிதிக்கிற நேரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு சத்தமும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும்.